முன்னறை டிவியில் ஒரு முதுகு

ஸ்கேலக்காவுக்கு அந்தப் பட்டம் கிடைத்தது காவல் நிலையத்தில். பதினோரு வருடம் போலீஸுக்குப் படம் எடுத்தவள் அவள். சீருடை கிடையாது, நாற்காலி கிடையாது, கூப்பிட்டால் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும், அவ்வளவுதான். வெட்டுக்காயம், தீக்காயம், உடைத்த பூட்டு, ரத்தம் காய்ந்த படிக்கட்டு, பிணவறை மேசை என்று அவள் எடுக்காதது எதுவும் இல்லை. காயம் என்றால் மூன்று படம். தள்ளி நின்று ஒன்று, கிட்டே போய் ஒன்று, பக்கத்தில் ஸ்கேலை வைத்து ஒன்று. ஸ்கேல் இல்லாத படத்தை வக்கீல்கள் கோர்ட்டில் நார் நாராகக் கிழித்துவிடுவார்கள். அதனால் சாப்பிடப் போனாலும் அவள் சட்டைப் பையில் ஒரு ஸ்கேல் இருக்கும். "ஸ்கேல் வந்தாச்சா?" என்று ஒரு போலீஸ்காரர் கேட்கப்போய், அதுவே நிலைத்துவிட்டது.

கோபக்காரி. அதையும் இப்போதே சொல்லிவிட வேண்டும். மற்றவர்களுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும், இவளுக்கு மூக்கிலேயே குடியிருந்தது. கட்டிக்கொண்டவன் பஸ் டிரைவர். கல்யாணமான மூன்றாம் மாதம் கை நீட்டினான். மூன்று வருடம் பொறுத்தாள். அடுத்தவர் காயத்தையெல்லாம் விதவிதமாகப் படம் எடுக்கிறவள், தன் காயத்துக்குப் பவுடர் பூசிக்கொண்டு வேலைக்குப் போனாள். ஒரு நாள் காலையில் கண்ணாடி முன்னால் நின்று, தன் கன்னத்துக்குப் பக்கத்தில் தானே ஸ்கேலைப் பிடித்துப் படம் எடுத்துப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கே உறைத்தது. அன்று மதியம் அவன் மறுபடி கையை ஓங்கியபோது கேமரா ஸ்டாண்டால் தாடையில் ஒன்று வைத்தாள். இரண்டு பல்லை அங்கேயே விட்டுவிட்டுப் போனவன், அவற்றைத் தேடிக்கூட வரவில்லை.

போலீஸ் வேலையை அவள் விட்டது ஒரு பெண்ணால். அந்தப் பெண் முதல் தடவை முறிந்த மணிக்கட்டோடு வந்தாள், இரண்டாம் தடவை காது, மூன்றாம் தடவை மண்டை. ஒவ்வொரு தடவையும் ஸ்கேலக்கா மூன்று மூன்று படம் எடுத்துக் கொடுத்தாள். ஒவ்வொரு தடவையும் இரண்டு குடும்பமும் நிலைய வாசலில் கூடிப் பேசி, சமாதானம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, அவளை அதே வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போயின. நான்காம் தடவை அவள் பிணவறை மேசைமேல் கிடந்தாள். ஸ்கேலக்கா கை நடுங்காமல் எடுத்து முடித்தாள். முடித்துவிட்டு வெளியே வந்து, குடலே வெளியே வந்துவிடும்போல வாந்தி எடுத்தாள். "போன தடவை சந்தோஷமாத்தானேம்மா போனாங்க" என்றார் அங்கே நின்ற அதிகாரி. அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்துவிட்டாள். அதோடு அந்த வேலை போயிற்று.

அப்புறம்தான் கல்யாணம் நிச்சயமான ஜோடிகளைப் படம் எடுக்கும் தொழிலுக்கு வந்தாள். அழுகிற முகங்களாகப் பார்த்துப் புளித்துப்போன கண்ணுக்குச் சிரிக்கிற ஆட்கள் வேண்டியிருந்தார்கள். முடிதிருத்தும் கடை ஒன்றின் மாடியில் இரண்டு அறை பிடித்தாள். உள்ளறையில் சாயத் துணித்திரை, மூன்று விளக்கு, ஒரு மர ஸ்டூல், உடை மாற்ற மூலையில் ஒரு மறைப்பு. முன்னறையில் சோபா, சுவரை அடைத்துக்கொண்டு ஒரு டிவி. ஜோடியோடு வருகிற சொந்தபந்தம் உள்ளே நின்றால், தோளைத் தொடு, கையை எடு, பல்லைக் காட்டாதே என்று உயிரை வாங்கும். அதற்குத்தான் இந்த டிவி. உள்ளே அவள் ஒரு படம் எடுத்தால் மறுநொடி வெளியே டிவியில் வந்து நிற்கும். வயர் ஒன்றும் கிடையாது, கேமராவே அனுப்பிவிடும். சொந்தக்காரர்கள் சோபாவில் உட்கார்ந்து வாய் வலிக்கக் குறை சொல்லலாம், கதவு சாத்தியிருப்பதால் அவள் காதுக்கு எதுவும் வராது. தன்னுடைய மூளையை நினைத்து அவளுக்கே பெருமை தாங்காது.

அன்று மதியம் நான்கு பேர் வந்தார்கள். கல்யாணத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள். மாப்பிள்ளை வற்றலாக இருந்தான், அண்ணனுடைய மரக்கடையில் பலகை அளக்கிறவன். பெண் மருந்துக்கடைக் கவுன்டரில் நிற்பவள், பேசினால் அடுத்தவருக்குக் கேட்குமோ கேட்காதோ என்கிற குரல். இரண்டு பேருக்கும் பொருந்தட்டும் என்று ஒரே நீலத்தில் உடை. கூடவே மாப்பிள்ளையின் அண்ணன் மரக்கடைக்காரன், பெண்ணின் அம்மா.

மரக்கடைக்காரன் கதவு நிலையில் குனிந்துதான் வர வேண்டிய ஆள். தம்பியின் பிடரியில் கையை வைத்தபடியே உள்ளே வந்தான்.

"எங்க தம்பி கொஞ்சம் கூச்சப்படுவான். நீங்கதான் எப்படியாவது சிரிக்க வைக்கணும்" என்றான்.

"எல்லாம் எங்க அண்ணன் பார்த்து முடிச்ச சம்பந்தம்" என்றாள் அம்மா, யாரும் கேட்காமலே. பெண்ணின் தாய்மாமனான அந்த அண்ணனுக்கு மரம் அறுக்கும் மில் இருந்தது. மரக்கடையும் மில்லும் சேர வேண்டும், அதுதான் விஷயம். நடுவில் இந்த இரண்டு பேரையும் ஆணி மாதிரி வைத்து அடித்துக்கொண்டிருந்தார்கள்.

பெரியவர்கள் இரண்டு பேரையும் சோபாவில் உட்கார்த்திவிட்டு ஸ்கேலக்கா உள்ளறைக் கதவைச் சாத்தினாள். தோளோடு தோள், கையோடு கை என்று தொடங்கி இரண்டு மணி நேரம் ஆகியும் ஒரு படம் உருப்படியாக வரவில்லை. இருவரும் பஸ்ஸுக்கு நிற்கிறவர்களைப்போல நின்றார்கள்.

"பாப்பா, அவர் நெஞ்சுல தலையைச் சாய்ச்சுக்கோ. தம்பி, நீ அவளைப் பாரு, என்னைப் பார்க்காத."

அவள் சாய்ந்தாள். அவன் "ஸ்" என்று மூச்சை இழுத்துக்கொண்டு விலகினான். அவள் சட்டென்று நிமிர்ந்தாள், முகம் செத்துப்போயிற்று.

"நான் என்ன பண்ணேன்?"

"ஒண்ணும் இல்லைங்க. சளி."

பின்னாலிருந்து அணைத்துக்கொள்ளச் சொன்னபோதும் அதே கதை. அவள் கை இடுப்பில் பட்டதும் அவன் பல்லைக் கடித்தான். பெண்ணுக்குக் கண் நிறைந்துவிட்டது. இவனுக்கு நம்மைப் பிடிக்கவே இல்லை என்று அவள் முடிவு கட்டுவது ஸ்கேலக்காவுக்கு அப்பட்டமாகத் தெரிந்தது. ஆனால் அந்த "ஸ்" சளி இல்லை. பதினோரு வருடம் கேட்ட சத்தம் அது, விலா எலும்பின் சத்தம்.

"பாப்பா, நீ முன்னாடி போய் உக்காந்து இதுவரைக்கும் எடுத்ததைப் பாரு. தம்பி உடை மாத்திட்டு வரட்டும்" என்று அவளை அனுப்பிவிட்டுக் கதவைத் தாழிட்டாள்.

மறைப்புக்குப் பின்னால் போனவன் போனவன்தான்.

"தம்பி, ஆச்சா?"

"கையைத் தூக்க முடியலக்கா."

உதவி செய்யப் போனாள். சட்டையைத் தலை வழியாகக் கழற்றியபோது முதுகு முழுக்கத் தெரிந்தது. பச்சையும் மஞ்சளுமாகப் பழைய வரிகள், அவற்றுக்குக் குறுக்கே ஊதா நிறத்தில் புதியவை. இரண்டு இடத்தில் பெல்ட் கொக்கியின் அச்சு அப்படியே பதிந்திருந்தது. இடது விலாவில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுத்து வீங்கியிருந்தது. இது இரண்டு வாரம், இது நாலு நாள், இது நேற்று என்று அவளால் தேதி போட்டுச் சொல்ல முடியும்.

"யாரு?"

"மாடிப்படியில விழுந்துட்டேன்."

"மாடிப்படி பெல்ட் போட்டிருந்துச்சா?"

அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதான். "அண்ணன்."

"எதுக்கு?"

"கல்யாணம் வேணாம்னு சொன்னேன். கடைக்கு எதிர்ல தையல் கடை வச்சிருக்கிற பொண்ணும் நானும் ரெண்டு வருஷமா... இன்னொரு தடவை வாயைத் திறந்தா அவ கடைக்கே போவேன்னு சொல்லியிருக்கார். போவார்க்கா. உங்களுக்கு அவரைத் தெரியாது."

"வெளிய இருக்காளே, அவளுக்கு இது தெரியுமா?"

"அவங்களுக்கு என்னை ரொம்பப் பிடிச்சுப்போச்சாம். அவங்க அம்மா சொன்னாங்க. பாவம், அவங்ககிட்ட போய் என்னத்தச் சொல்றது?"

ஸ்கேலக்கா கழுத்தில் கிடந்த கேமராவைக் கையில் எடுத்தாள். இன்னும் பன்னிரண்டு நாளில் அந்தப் பெண் இந்த வீட்டுக்குள் போகப்போகிறாள். அந்தப் பெல்ட் இவன் முதுகோடு நின்றுவிடும் என்று யார் சொன்னது?

"திரும்பி நில்லு."

"எதுக்குக்கா?"

"எங்கிட்ட இருக்கட்டும். நீ சொல்ற வரைக்கும் ஈ காக்கா பார்க்காது."

கைக்குப் பழைய புத்தி வந்துவிட்டது. தள்ளி நின்று ஒன்று. கிட்டே போய் ஒன்று. சட்டைப் பையிலிருந்து ஸ்கேலை எடுத்துக் கொக்கி அச்சுக்குப் பக்கத்தில் வைத்து ஒன்று.

ஈ காக்கா பார்க்காது என்றாள் அல்லவா, முன்னறையில் மூன்று பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுவரை அடைத்த டிவியில், சுவரை அடைத்த முதுகு. அதன்மேல் சென்டிமீட்டர் கோடுகளோடு ஒரு ஸ்கேல்.

கதவில் முதல் உதை விழுந்தபோதுதான் தான் செய்த காரியம் அவளுக்குப் புரிந்தது. இரண்டாம் உதையில் தாழ்ப்பாள் பிய்த்துக்கொண்டு பறந்தது.

"ஏய், என்னடி எடுக்கிற?"

மரக்கடைக்காரன் அவள் கழுத்தில் கிடந்த கேமரா வாரைப் பிடித்து இழுத்தான். அவள் முகம் அவன் கைமுட்டியில் வந்து மோதியது. வார் அறுந்தது. கேமராவைச் சுவரில் அடித்தான், லென்ஸ் தூள் தூளாகக் கொட்டியது. அடுத்த குத்து அவள் புருவத்தில் விழுந்தது, ஒரு கண்ணை ரத்தம் மூடிவிட்டது. அவள் என்ன சும்மா இருப்பவளா? கைக்குக் கிடைத்த விளக்கு ஸ்டாண்டைத் தூக்கி வீசினாள். அவன் தோளில் பட்டு பல்பு வெடித்தது. இரண்டாவதை முழங்காலுக்குக் குறிவைத்து இறக்கினாள். அவன் மாடு மாதிரி கத்திக்கொண்டு ஸ்டாண்டைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அவள் அடிவயிற்றில் உதைத்தான். திரைத்துணியோடு சேர்ந்து அவள் தரையில் விழுந்தாள்.

மாப்பிள்ளை வெற்று முதுகோடு இருவருக்கும் நடுவில் ஓடி வந்தான்.

"விடுங்கண்ணா! நான் பண்ணிக்கிறேன், நான் கல்யாணம் பண்ணிக்கிறேன், அவங்களை விட்டுடுங்க!"

அண்ணன் அவனைக் கீழே தள்ளினான். எங்கே வீங்கியிருக்கிறது என்று தெரிந்துதான் உதைத்தான், வீங்கிய இடம் அவன் கைவேலைதானே. உள்ளே ஏதோ முறிந்தது ஸ்கேலக்கா காதில் விழுந்தது. அவளுக்கு அவனைக் கொல்ல வேண்டும்போல இருந்தது, எழுந்திருக்கத்தான் முடியவில்லை.

வாசலில் அந்தப் பெண் நின்றிருந்தாள். பின்னாலிருந்து அம்மா அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

"வாடி போகலாம். அது அவங்க வீட்டு விஷயம். அண்ணன் தம்பிக்குள்ள ஆயிரம் இருக்கும்."

அவள் நகரவில்லை. தரையில் சுருண்டு கிடந்தவனைப் பார்த்துக் கேட்டாள். "இதனாலதான் தள்ளித் தள்ளிப் போனீங்களா?"

அவன் ஆமாம் என்று தலையை ஆட்டினான்.

"வேணாம்னு சொன்னீங்களா?"

"சொன்னேங்க. மன்னிச்சுக்கங்க."

"நானும் சொன்னேன்."

"வாயை மூடுடி!" என்றாள் அம்மா.

"மூடிக்கிட்டுத்தானே இருந்தேன். இஸ்திரிப் பெட்டி வயரை ரெண்டா மடிச்சு, தொடையில. வெளிய தெரியாத இடமாப் பார்த்துப் பார்த்து. இவருக்கு என்னை ரொம்பப் பிடிச்சிருக்கு, நீ வேணாம்னா அவர் மனசு உடைஞ்சுபோகும்னு நீதானே சொன்னே?"

அறை விழுந்தது. பெற்றவள் கை. அந்தச் சின்ன அறையில் அது பட்டாசு மாதிரி கேட்டது. ஸ்கேலக்காவுக்கோ அது தன் கன்னத்திலேயே விழுந்த மாதிரி இருந்தது. இரண்டு மணி நேரமாக அந்தப் பெண் ஒரு தடவைகூட உட்காரவில்லை. ஸ்டூலைக் காட்டியபோதெல்லாம், "பரவாயில்லக்கா, நிக்கிறேன்" என்றாள். உடம்பைப் பார்த்தே எல்லாம் சொல்லிவிடுவேன் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொள்கிறவள், அதைக் கவனிக்கவே இல்லை. போய் உட்கார்ந்து டிவி பார் என்று வேறு சொல்லி அனுப்பியிருந்தாள்.

அம்மா மறுபடி கையை ஓங்கினாள். அந்தக் கையை மாப்பிள்ளை பிடித்துக்கொண்டான். எப்போது எழுந்தான் என்று யாருக்கும் தெரியவில்லை. ஒரு கையால் விலாவைப் பிடித்துக்கொண்டு, கோணலாக நின்றான். தன் முதுகுக்காக ஒரு விரலைக்கூடத் தூக்காதவன்.

"அடிக்காதீங்கம்மா" என்றான்.

"பொம்பளைக்குப் பரிஞ்சுகிட்டு வர்றியா?" என்று அண்ணன் அவன் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்துப் பின்னால் இழுத்தான். தொண்டை மேலே தூக்கிக்கொண்டு வந்தது. மறு கையை மடக்கி அந்தத் தொண்டைக்குத்தான் ஓங்கினான்.

பெண் மர ஸ்டூலை இரண்டு கையாலும் தூக்கி அவன் காதோரம் இறக்கினாள். ஒரு தடவை. அவன் திரும்பிப் பார்த்தான், நம்பவே முடியாதவன்போல. இன்னொரு தடவை. காது மடல் கிழிந்து தொங்கியது. அவ்வளவு பெரிய ஆள் தரையில் உட்கார்ந்து, விரலிடுக்கில் வழிகிற ரத்தத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் மூன்றாம் தடவையும் தூக்கிவிட்டாள்.

"போதும் பாப்பா" என்றாள் ஸ்கேலக்கா. "அவன் செத்தா நீதான் உள்ள போகணும்."

சத்தம் கேட்டு, கீழே முடிதிருத்துகிறவர் சவரக் கத்தியோடு மேலே ஓடி வந்தார். அவருக்குப் பின்னால் பாதித் தாடி வழித்த வாடிக்கையாளர் ஒருவர், கழுத்தில் துண்டோடு. மரக்கடைக்காரன் எழப் பார்த்தான். கத்தியைப் பார்த்ததும் மறுபடி உட்கார்ந்துகொண்டான். முடிதிருத்துகிறவர் ஒன்றும் செய்திருக்க மாட்டார், ஈரக் கத்தியைத் துடைக்க மறந்து வந்துவிட்டவர்தான். ஆனால் அது இவனுக்கு எப்படித் தெரியும்?

"எங்க அண்ணன் சொன்னதைத்தானே செஞ்சேன்" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "அவர் போடுற சோறுதானே நாம சாப்பிடுறது? நான் எங்க போவேன்?" அவளைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. ஆனால் பாவப்பட அப்போது யாருக்கும் நேரம் இல்லை.

மாப்பிள்ளை தையல்கடைப் பெண்ணுக்குப் போன் போட்டு, கடையைச் சாத்திவிட்டு உடனே அவளுடைய அக்கா வீட்டுக்குப் போகச் சொன்னான். பேசுகிறபோதே மூச்சு வாங்கியது.

"அக்கா, என்னோடதையும் எடுங்க" என்றாள் பெண்.

கேமரா நாலு துண்டாகக் கிடந்தது. ஸ்கேலக்கா முன்னறைக்குப் போய் டிவியின் பிளக்கைப் பிடுங்கி அணைத்தாள், அணைத்துவிட்டு இரண்டு தடவை கையால் தடவிச் சரிபார்த்தாள். மறைப்புக்குப் பின்னால் போய், புருவத்தில் ஒரு துண்டை அழுத்திக்கொண்டு, போனில் எடுத்தாள். தொடை முழுக்க இரட்டைக் கோடுகள், வளைந்து வளைந்து. திரையில் சொட்டிய தன் ரத்தத்தைத் துடைத்துத் துடைத்து எடுக்க வேண்டியிருந்தது. இந்தத் தடவை அவள் கை நடுங்கியது. மூன்று படத்துக்குப் பதில் ஏழெட்டு எடுத்தாள். மாப்பிள்ளை முதுகையும் போனிலேயே மறுபடி எடுத்துவிட்டு, அவனுக்கு அந்த நீலச் சட்டையை மாட்டிவிட்டாள்.

முடிதிருத்துகிறவரை மரக்கடைக்காரனுக்குக் காவல் வைத்துவிட்டு மூவரும் நிலையத்துக்குப் போனார்கள். மேசையில் இருந்த அதிகாரி புதியவர். ஒரே நீலத்தில் உடுத்தி நின்ற இருவரையும், ஸ்கேலக்காவின் புருவத்தையும் மாறி மாறிப் பார்த்தார். படங்களைப் பார்த்தார். நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"ஏம்மா, கல்யாணம் பண்ணிக்கப்போற பொண்ணு மாப்பிள்ளை. ரெண்டு வீட்டையும் கூப்பிட்டு உக்கார வச்சுப் பேசினா சரியாப்போயிடும். எதுக்கு எழுத்து அது இதுன்னு?"

ஸ்கேலக்காவின் கை தானாகவே அவர் சட்டையை நோக்கிப் போயிற்று. பெண் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

"எழுதிக்கங்க சார்" என்றாள்.

அவர் பெருமூச்சு விட்டுக்கொண்டு படிவத்தை எடுத்தார். வயது எழுதினார், வேலை எழுதினார். அடுத்த கட்டத்தில் பேனா நின்றது.

"உங்க ரெண்டு பேருக்குள்ள என்ன உறவுன்னு போடறது?"

மாப்பிள்ளை அவளைப் பார்த்தான். அவளும் அவனைப் பார்த்தாள். மதியத்திலிருந்து அவர்கள் ஒருவரையொருவர் நேருக்கு நேர் பார்த்தது அப்போதுதான்.

"எங்களுக்குள்ள ஒண்ணும் இல்ல சார்" என்றாள் அவள். "அதைச் சொன்னதுக்குத்தான் ரெண்டு பேரும் அடி வாங்கியிருக்கோம்."